டிக் போடாத விடைத்தாள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறவர்கள் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் கடைசிப் பகுதியையாவது பார்த்துவிடுங்கள்.

விஷயம் கேட்பதற்குச் சின்னதுதான். கூகுளிலோ வேறு ஏதாவது பக்கத்திலோ நாலு சொல் தட்டித் தேடுகிறோம். அந்த நாலில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அந்தப் பக்கம் நமக்குக் காட்ட வேண்டுமா, வேண்டாமா? காட்டியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. இதில் என்ன இவ்வளவு அழுத்தம் என்று கேட்பீர்கள். இது நடக்காததால் எங்கள் தெருவில் ஓர் அம்மா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம்.

2025 நவம்பர் 4ஆம் தேதி முதல் நம் மாநிலத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது நினைவிருக்கும். எஸ்.ஐ.ஆர். என்றால்தான் பலருக்குப் புரியும். வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் (சில தொகுதிகளுக்கு 2005) நம் பெயரோ, நம் பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று அதில் நிரப்ப வேண்டும்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு இது கூடுதல் தலைவலி. 2002இல் அம்பத்தூர் தொகுதி, ஆவடி தொகுதி, மதுரவாயல் தொகுதி எதுவுமே கிடையாது. மூன்றும் 2008 தொகுதி மறுவரையறையில் பிறந்தவை. 2011 சட்டமன்றத் தேர்தலில்தான் அந்தப் பெயர்களில் முதன்முதலாக ஓட்டுப் போட்டோம். அதற்கு முன்னால் அம்பத்தூர்க்காரர்களுக்கு வில்லிவாக்கம் தொகுதி. 'நான் அம்பத்தூர்தானே, எதுக்கு வில்லிவாக்கத்துல தேடணும்?' என்று கேட்காத ஆள் இல்லை.

ரிட்டயர்டு டீச்சர், கையில் நல்ல போன் இருக்கிறது, தமிழில் தட்டவும் தெரியும் என்பதால் தெருவில் பாதிப் பேர் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில்தான். நானும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். வகுப்பு எடுத்த மாதிரி இருந்தது.

அப்படி வந்தவர்தான் தெருமுனையில் பல வருஷம் இட்லி சுட்டு விற்ற அந்த அம்மா. எழுபது தாண்டியவர். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரில் 'கௌ' என்ற எழுத்து வரும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கதை அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு தேடல் பக்கம். எது என்று சொல்லப் போவதில்லை. குறை அதற்கு மட்டும் சொந்தமும் இல்லை. பெயர் ஒரு பெட்டி, கணவர் அல்லது தந்தை பெயர் ஒரு பெட்டி, தொகுதி ஒரு பெட்டி. மூன்றையும் நிரப்பி அழுத்தினேன். 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று வந்தது. எழுத்துப் பிழை இருக்குமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் அதே பதில்.

நான் சொன்னேன்: "உங்க பேரு இல்லம்மா."

அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்போ நான் இங்க இருந்ததே இல்லைன்றாங்களா டீச்சர்? அவரோட கையப் புடிச்சிக்கினு போயி ஓட்டுப் போட்டேனே" என்றார். என்ன பதில் சொல்வது? "பாக்கலாம்மா" என்று அனுப்பி வைத்தேன்.

மூன்றாம் நாள் வாக்குச்சாவடி அலுவலர் தெருவுக்கு வந்தபோது அவர் கையில் பழைய பட்டியலின் அச்சுப் பிரதி இருந்தது. அவரும் ஒரு டீச்சர்தான். இரண்டு பேருமாக விரல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போனோம். பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. மேல் வரியில் வீட்டுக்காரர், கீழ் வரியில் இந்த அம்மா. பெயர் எங்கேயும் சிதையவில்லை. நான் போனில் தட்டியது எப்படித் தெரிந்ததோ அப்படியே அச்சிலும் தெரிந்தது.

பிறகு ஏன் போன் இல்லை என்றது? கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே விளக்கினான். 'கௌ' என்பதை இரண்டு விதமாகத் தட்டலாம். க என்ற எழுத்தோடு ஔகாரக் குறியைச் சேர்ப்பது ஒன்று, அதுதான் முறை. ஒற்றைக்கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ள என்ற தனி எழுத்தைப் போட்டுவிடுவது இன்னொன்று. கௌரி, கெளரி. இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு முதலாவது கௌரி, இரண்டாவது கெ-ள-ரி. வேறு வேறு ஆள். அந்தப் பக்கத்திலேயே இரண்டாவது மாதிரி தட்டிப் பார்த்தோம். அம்மாவின் பெயர் டக்கென்று வந்து நின்றது.

முப்பத்தைந்து வருஷம் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தவள் நான். என் கண்ணால் பிடிக்க முடியாத பிழை அது. எழுதப் படிக்க மட்டும் தெரிந்த ஒருவர் என்ன செய்வார்?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பக்கம் மூன்று பெட்டியை என்னிடம் வாங்கியது. மூன்றில் இரண்டு சரியாகப் பொருந்தியிருந்தன. தொகுதி சரி, கணவர் பெயர் சரி. பொருந்தாதது ஒன்றே ஒன்று. 'தொகுதி கிடைத்தது, கணவர் பெயர் கிடைத்தது, உங்கள் பெயர் மட்டும் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் அந்தப் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தேடியிருப்பேன். அந்த அம்மாவும் இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அது மூன்றையும் சேர்த்துச் சுருட்டி 'இல்லை' என்று சொல்லிவிட்டது. நானும் அதை அப்படியே வாங்கி அவரிடம் சொல்லிவிட்டேன்.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இது உடனே புரியும். பையன் நான்கு பக்கம் எழுதியிருக்கிறான். நீங்கள் உள்ளே ஒரு டிக் கூடப் போடாமல், முதல் பக்கத்தில் 42 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அவனுக்கு என்ன தெரியும்? எந்தக் கேள்வி சரி, எது தப்பு, அடுத்த தடவை எதைத் திருத்திக்கொள்வது? ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் அடி வாங்குவதற்கு மட்டும் அந்தத் தாள் உதவும். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னதே, ஒவ்வொரு விடையிலும் குறி போடு, தப்பின் அடியில் கோடு இழு என்பதுதான். தேடுபொறிகள் நமக்குத் தருவது பெரும்பாலும் டிக் போடாத விடைத்தாள்.

கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலையாக இருக்குமோ என்று நினைக்காதீர்கள். அதையும் அண்ணன் மகனிடம் கேட்டேன். தேடுபொறி நாம் கேட்ட பிறகு ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் படிப்பதில்லையாம். பாடப்புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய சொல்லடைவை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். நாம் நாலு சொல் கேட்டால் நாலு பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே எந்தச் சொல் எங்கே பொருந்தியது என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். டக் கட்டிங் என்பவர் 1999இல் எழுதிய லூசீன் என்ற இலவச நிரலின் மேல்தான் உலகில் எத்தனையோ தளங்களின் தேடல் பெட்டிகள் ஓடுகின்றன. பொருந்திய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டும் கருவியும் அதோடு சேர்ந்தே கிடைக்கிறது. பணம் கட்ட வேண்டியதில்லை. மனசு இருந்தால் போதும்.

கூகுள் இதை ஓரளவு செய்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவுகளின் கீழே வரும் இரண்டு வரியில் நாம் கேட்ட சொற்கள் தடிப்பாகத் தெரியும். சில முடிவுகளின் அடியில் நாம் கேட்ட ஒரு சொல்லின் மேல் கோடு அடித்து, இந்தச் சொல் இதில் இல்லை என்று காட்டும். பக்கத்திலேயே அந்தச் சொல் கட்டாயம் வேண்டும் என்றால் இதை அழுத்து என்று ஒரு இணைப்பும் இருக்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டு ஆப்சென்ட் போடுவது போல. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருக்கிறோம்? நானே போன வருஷம்தான் கவனித்தேன்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. திருமுல்லைவாயில் என்ற பெயரில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. நம் மாசிலாமணீஸ்வரர் கோயில் வட திருமுல்லைவாயில், சுந்தரர் பாடியது. சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருப்பது தென் திருமுல்லைவாயில், சம்பந்தர் பாடியது. நீங்கள் 'வட திருமுல்லைவாயில் கோயில் நடை திறக்கும் நேரம்' என்று தேடும்போது, தேடுபொறி 'வட' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டால் சீர்காழிப் பக்கத்துக் கோயிலின் நேரம் வந்து நிற்கும். மீதி எல்லாச் சொல்லும் பொருந்தும், ஊர்ப் பெயரும் பொருந்தும். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இருக்காது. 'வட' என்பதன் மேல் ஒரு கோடு இருந்தால் மட்டும்தான் நாம் சுதாரிப்போம்.

இன்னொன்று. பாடி மேம்பாலம் தாண்டி இருக்கும் சிவன் கோயிலும் தேவாரத் தலம்தான். தேவாரத்தில் அதன் பெயர் திருவலிதாயம். இது தெரியாமல் ஒருவர் தேவாரத்தில் 'பாடி' என்று தேடினால் என்ன ஆகும்? ஆடிப் பாடி, போற்றிப் பாடி என்று அடியார்கள் பாடியதெல்லாம் வரிசையாக வந்து விழும். பொருந்திய சொல்லை அதன் வரியோடு காட்டினால், ஓஹோ இது ஊர் இல்லை, பாட்டு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வெறுமனே 'பல முடிவுகள் கிடைத்தன' என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால், நம் பாடிக்குத் தேவாரத்தில் இத்தனை பதிகமா என்று அவர் முகநூலில் பதிவே போட்டுவிடுவார். நாமும் பகிர்ந்துவிடுவோம்!

பூந்தமல்லிக்கும் இதே கதை. நாம் வாயால் சொல்வது பூந்தமல்லி, பூவிருந்தவல்லி என்றும் எழுதுவதுண்டு. ஒன்றைத் தேடினால் இன்னொன்றையும் சேர்த்துத் தேடும் அளவுக்குப் பொறி புத்திசாலியாக இருந்தால் நல்லதுதான். ஆனால் 'நீங்கள் கேட்டது பூந்தமல்லி, நான் பூவிருந்தவல்லியையும் சேர்த்துக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

தமிழுக்கு இது இங்கிலீஷைவிட அதிகம் தேவை. காரணம் நம் இலக்கணம். மரம் என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்றால் மரத்தை, மரத்தில் என்று ஆகிவிடும், மகர ஒற்றே காணாமல் போகும். வீடு, வீட்டில் ஆகும்போது டகரம் இரட்டிக்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்குத் தெரியாது. தெரிய வைத்தாலும் வேறு ஆபத்து உண்டு. வாடகைக்கு 'வீடு' தேடுகிறவருக்கு 'வீடுபேறு' பற்றிய கட்டுரையைக் கொண்டுவந்து கொடுக்கும். மோட்சத்துக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று அவர் யாரிடம் கேட்பார்? எது பொருந்தியது என்று தடிப்பாகக் காட்டிவிட்டால், ஏற்பதா தள்ளுவதா என்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.

பெயர்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி. சண்முகம், ஷண்முகம். ராஜேஸ்வரி, இராஜேஸ்வரி. இனிஷியல் கே. என்று ஒரு இடத்தில், க. என்று இன்னொரு இடத்தில். இதில் யார் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் வேலையில் இருந்த காலத்தில் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவள். வெயிலில் நின்றுகொண்டு, உள்ளேயிருந்து ஒருவர் கத்திச் சொன்ன பெயரை என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். 'லட்சுமியா, லெட்சுமியா?' என்று திரும்பக் கேட்டதில்லை. இருபது வருஷம் கழித்து அந்த ஒற்றைக்கொம்பை வைத்து ஒருவரை இல்லை என்பார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இது புதிதாக வந்த பிரச்சினையும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பாரிசில் டொமினிக்கன் துறவிகள் லத்தீன் பைபிளுக்குச் சொல்லடைவு தயாரித்தார்கள். முதலில் செய்ததில் இந்தச் சொல் இந்த இடத்தில் என்று இடம் மட்டும் குறித்தார்கள். படிக்கிறவர்களுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு இடமாகப் புரட்டிப் பார்த்துத்தான் வேண்டியது எது என்று தெரிந்தது. அடுத்து செய்தவர்கள் சொல்லைச் சுற்றியிருந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதினார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு, 1950களின் கடைசியில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் அதையே இயந்திரத்தில் செய்தார். தேடிய சொல் நடுவில், அதன் முன்னும் பின்னும் வரும் சொற்கள் இரண்டு பக்கமும். இன்று கூகுள் காட்டும் இரண்டு வரிக்கு அதுதான் பாட்டி.

நம்மிடமும் அந்தப் பழக்கம் உண்டு. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் அரும்பத அகராதி இருக்கும். ஏட்டுக்கு ஏடு ஒரு சொல் மாறி வந்தால் அந்தப் பாடபேதத்தையும் அடிக்குறிப்பில் காட்டியிருப்பார். நான் இதை எடுத்துக்கொண்டேன், இதுவும் இருந்தது, நீயே பார்த்துக்கொள் என்று வாசகனிடம் கொடுத்துவிடுகிற நேர்மை அது. நம் காலத்தில் முனைவர் ப. பாண்டியராஜா தமிழ் இலக்கியங்களுக்குத் தொடரடைவு தயாரித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். ஒரு சொல்லை எடுத்தால் அது வரும் வரிகள் எல்லாம் கண் முன்னால் நிற்கும். தமிழாசிரியர்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் சொல்வதையும் யோசித்துப் பார்த்தேன்.

'சின்ன போன் திரையில் இவ்வளவு காட்டினால் குழப்பம்' என்பார்கள். விளம்பரத்துக்கு இருக்கும் இடம் ஒரு டிக் குறிக்கு இல்லையா?

'இன்னார் கணவர் பெயர் பொருந்தியது என்று காட்டினால் அடுத்தவர் விவரத்தைத் துருவ வழி ஆகிவிடுமே' என்றான் அண்ணன் மகன். நல்ல கேள்வி. பென்ஷன், மருத்துவம், வங்கி மாதிரியான பட்டியல்களில் அந்தக் கவனம் வேண்டியதுதான். அங்கே வேறொருவர் விவரத்தைக் காட்ட வேண்டாம். 'பெயரின் எழுத்தை மாற்றிப் பாருங்கள், அச்சுப் பட்டியலையும் பாருங்கள்' என்று சொன்னால்கூடப் போதும். வாக்காளர் பட்டியலோ பொதுவில் ஒட்டி வைக்கிற பட்டியல்.

மூன்றாவதாகச் சொல்வது: 'இப்போதெல்லாம் சொல்லைப் பார்த்துத் தேடுவதில்லை, பொருளைப் பார்த்துத் தேடுகிறோம். பதிலையே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.' எனக்கு அதிகப் பயம் இதில்தான். செயற்கை நுண்ணறிவு அழகான தமிழில், தங்குதடையில்லாமல் பதில் சொல்கிறது. நான் கேட்ட ஐந்து சொல்லில் எதை எடுத்துக்கொண்டது, எதை விழுங்கியது என்று அந்தப் பதிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'வட' என்பதை விட்டுவிட்டுச் சீர்காழிப் பக்கத்துக் கோயிலைப் பற்றி அருமையாக நாலு வரி எழுதினால் யாருக்குச் சந்தேகம் வரும்? சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்த்துத் தந்தால் அதையும் சொல்லட்டும்: 'நீங்கள் கேட்ட சொல் இதில் இல்லை, கிட்டத்தட்ட இது என்று நினைத்துத் தருகிறேன்.' நன்றாகப் பேசுகிற மாணவன் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதுவதை நாம் பார்க்காததா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறைகள் இருந்த இடங்களில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அங்கேயும் வேறு ஐ.டி. கம்பெனிகளிலும் வேலை செய்கிறீர்கள். இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் தேடல் பெட்டி எதையாவது கட்டினால் டீச்சர் கேட்பது இவ்வளவுதான். பொருந்திய சொல்லைத் தடிப்பாகக் காட்டுங்கள். பொருந்தாத சொல்லைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். நீங்களாக ஒரு சொல்லை மாற்றியோ சேர்த்தோ தேடினால் அதைச் சொல்லிவிடுங்கள். எல்லாச் சொல்லும் ஒரே இடத்தில் பொருந்தவில்லை என்றால் கதவைச் சாத்தாமல், மூன்றில் இரண்டு பொருந்துவதைக் காட்டுங்கள். கௌ, கெள இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். இது செய்யக்கூடியதுதான் என்று அண்ணன் மகன் சொல்கிறான். செய்யாதவர்கள் வெள்ளிக்கிழமை பீரியட் முடிந்ததும் என்னை வந்து பார்க்கவும்.

மற்றவர்களுக்கு, அதாவது என்னைப் போல அடுத்தவருக்காகத் தேடிக் கொடுக்கிறவர்களுக்கு:

ஒன்று. ஒன்றும் வரவில்லை என்றால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டுத் தேடுங்கள். எதை எடுத்ததும் முடிவு வருகிறதோ, கோளாறு அந்தச் சொல்லில்.

இரண்டு. கட்டாயம் வேண்டிய சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அப்படிப் போட்டால், அந்தச் சொல் பக்கத்தில் எந்த இடத்தில் வருகிறதோ அந்த வரியையே எடுத்துக் காட்டும்படி கூகுள் 2022 ஆகஸ்டில் மாற்றியிருக்கிறது.

மூன்று. பக்கத்தைத் திறந்த பிறகு கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப், போனில் மெனுவுக்குள் பக்கத்தில் தேடு என்று இருக்கும். நீங்கள் தேடிய சொல் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தவரை சின்னத் துண்டாகத் தட்டுங்கள். 'மரத்தில்' வேண்டாம், 'மர' போதும்.

நான்கு. பெயர் என்றால் ல, லெ, இல என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கௌவையும் மறக்காதீர்கள்.

ஐந்தாவதுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்வது. போன் 'இல்லை' என்று சொன்னாலும் நாம் எதிரில் இருக்கும் மனுஷரிடம் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'எனக்குக் கிடைக்கவில்லை' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் எவ்வளவு என்று எனக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் ஆப்சென்ட் போடுவதற்கு முன் கடைசி பெஞ்சுக்குக் கீழேயும் ஒரு தடவை குனிந்து பார்ப்போம் அல்லவா? அதை எப்படியோ ரிட்டயர் ஆனதும் மறந்துவிட்டேன்.

அச்சுப் பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்த அன்றைக்கு அந்த அம்மா தன் பெயரைப் பார்க்கவில்லை. எழுத்து தெரியாது. "எங்க டீச்சர், காட்டுங்க" என்று கேட்டார். நான் அவர் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். மேல் வரி யார் என்று கேட்டார். சொன்னேன். விரலை அங்கே நகர்த்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

ஒரு தேடல் பக்கம் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். விரலைப் பிடித்து, இதோ இந்தச் சொல் என்று காட்ட வேண்டும்.

உங்களுக்கும் இப்படி 'இல்லை' என்று வந்து பிறகு கிடைத்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த எழுத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

அன்புடன், உங்கள் டீச்சர்.